ஊருக்குப் பயந்தா, ஆண்டவருக்குப் பயந்தா?

(பொன்விழா ஆண்டின் தொடக்கமாக நடந்த மூன்று நாள் தியானத்தில், இரண்டாம் நாள் மாலை நம் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நேற்று மாலை நம் பங்கின் ஐம்பது ஆண்டுகளுக்காக இறைவனுக்கு நன்றி செலுத்தினோம். ஓலைக் கொட்டகையில் பூசை கண்ட பெரியவர்கள் சிலர் இன்றும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கையில் மனம் நிறைகிறது. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு இனிப்பானது அல்ல. "பொன்விழா சமயத்தில் இதெல்லாம் எதற்கு சாமி?" என்று சிலர் கேட்கக்கூடும். பொன்னைப் புடம் போட்டுப் பார்ப்பதும் பொன்விழாவைச் சேர்ந்ததுதானே!

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் உங்களுக்குத் தெரியும். பிறவிக் குருடனுக்கு ஆண்டவர் பார்வை தருகிறார். ஊரே கூடிவிடுகிறது. அதிகாரிகள் அவனுடைய தாய் தகப்பனை அழைத்து விசாரிக்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? இவன் எங்கள் மகன்தான், குருடாய்ப் பிறந்தவன்தான் என்கிற வரைக்கும் ஒப்புக்கொண்டார்கள். யார் குணமாக்கினார் என்ற கேள்வி வந்ததும், அவன் வயது வந்தவன், அவனையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று நழுவிவிட்டார்கள். ஏன்? இயேசுவை மெசியா என்று ஏற்றுக்கொள்பவனைச் செபக்கூடத்திலிருந்து தள்ளிவைப்பது என்று ஏற்கெனவே தீர்மானம் ஆகியிருந்தது. நம் பாஷையில் சொன்னால் ஊர்விலக்கம்.

பெற்ற பிள்ளைக்குக் கண் வந்திருக்கிறது. அதற்கு வாய்விட்டுச் சந்தோஷப்படக்கூட அந்தத் தகப்பனுக்கும் தாய்க்கும் தைரியம் வரவில்லை. இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பரிசேயர்மேல் வருகிற கோபத்தைவிட, அந்தப் பெற்றோர்மேல் வருகிற பரிதாபம்தான் அதிகம். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நம்மைப் போன்றவர்கள்.

இன்றைக்கு உங்களுக்கு ஒரு கோவில்பிள்ளையின் கதையைச் சொல்லப்போகிறேன். நம் ஊர்க் கோவில்பிள்ளை அல்ல, ஆஸ்திரியா தேசத்துக் கோவில்பிள்ளை. ஆனால் மணி அடிப்பதும், மெழுகுதிரி ஏற்றுவதும், பூசை உடுப்புகளை எடுத்துவைப்பதும் எங்கும் ஒன்றுதான்.

அவர் பெயர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். ராதெகுண்ட் என்ற புனிதையின் பெயரைத் தாங்கிய ஒரு சின்னக் கிராமத்திலே 1907 மே 20-இல் பிறந்தவர். ஹிட்லர் பிறந்த பிரவுனௌ நகரமும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. பிரான்சின் தாய் மணமாகாத ஏழைப் பண்ணை வேலைக்காரி. பெற்ற தகப்பன் முதல் உலகப் போரில் மாண்டுபோனார். தாயைப் பின்னர் மணந்த விவசாயி பையனைத் தத்தெடுத்துத் தம் பெயரையும் நிலத்தையும் கொடுத்தார். இளமையில் பிரான்சைப் புனிதர் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஊரிலே முதன்முதல் மோட்டார் சைக்கிள் வாங்கியவர் அவர்தான். அடிதடியும் உண்டு. திருமணத்துக்கு முன்பே ஒரு குழந்தைக்குத் தகப்பனும் ஆனவர். இதை ஏன் மறைக்காமல் சொல்லுகிறேன் என்றால், புனிதர்கள் எல்லாரும் தொட்டிலிலேயே கைகுவித்துப் படுத்திருந்தவர்கள் என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது.

1936-இல் பெரிய வியாழக்கிழமையன்று பிரான்சிஸ்கா என்ற பக்தியுள்ள பெண்ணை மணந்தார். மணமக்கள் இருவரும் ரோமாபுரிக்கு யாத்திரை போய் வந்தார்கள். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தன. வீட்டிலே செபமும் வேதாகம வாசிப்பும் வழக்கமாயின. அவரும் நல்ல விவசாயி, நல்ல குடும்பத் தலைவர்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்தது. ஏப்ரல் 10-இல் நாட்டை ஜெர்மனியோடு இணைப்பதற்கு ஆமா, இல்லையா என்று வாக்கெடுப்பு. பயத்தினால் பாதி, ஆசையினால் பாதி, ஊர் முழுவதும் ஆமா போட்டது. ஆஸ்திரியாவின் ஆயர்களே ஆமா போடச் சொல்லி அறிக்கை விட்டிருந்தார்கள் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கிராமத்தில் பிரான்ஸ் ஒருவர் மட்டும் இல்லை என்று போட்டார். அந்த ஒரு வாக்கையும் ஊர் அதிகாரிகள் கணக்கில் காட்டாமல், எங்கள் ஊரில் நூற்றுக்கு நூறு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒருவேளை அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்திருப்பார்கள். ஒற்றை ஆளாய் நிற்பவனை ஊர் இப்படியும் காப்பாற்றும், அவன் நின்றதே தெரியாமல் அழித்துவிட்டு!

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவர் ஒரு கனவு கண்டார். அழகான ஒரு ரயில் மலையைச் சுற்றி வருகிறது. சிறுவரும் பெரியவரும் அதில் ஏற ஓடுகிறார்கள். தடுத்து நிறுத்த முடியவில்லை. இந்த ரயில் நரகத்துக்குப் போகிறது என்று ஒரு குரல் கேட்கிறது. அந்த ரயில் எது என்று அவருக்குப் பின்னால் விளங்கியது. அதில் ஏறாமல் இருப்பதென்று முடிவு செய்தார். நாஜிக் கட்சி திரட்டிய நன்கொடைகளுக்குக் கொடுக்கவில்லை. அந்த அரசு குழந்தைகளுக்கென்று கொடுத்த உதவிப் பணத்தையும் வாங்க மறுத்தார். கையில் வரும் காசை வேண்டாம் என்பது எவ்வளவு கடினம் என்று மூன்று பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

1940-இல் படைக்கு அழைத்தார்கள். அப்போது போனார், ஆணையிட்டார், சில மாதம் பயிற்சியும் பெற்றார். வயலில் ஆள் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் 1941-இல் கோவில்பிள்ளை ஆனார். நாள்தோறும் பூசை, நன்மை, நண்பகல் வரை உபவாசம். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்களில் தம் சிந்தனைகளை எழுதிவந்தார். அவர் தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி சாதாரணமானது. அநியாயமான போரிலே போய் அடுத்தவன் நாட்டைப் பறித்து, அவனைக் கொன்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நான் ஆண்டவரை நாவில் வாங்கலாமா?

இங்கே ஒன்று கவனியுங்கள். மனச்சான்று என்றால் "எனக்கு இப்படித் தோன்றியது" என்பது அல்ல. நம்மில் சிலர் பிடிவாதத்துக்கும் மனச்சான்று என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் கோர்ட்டுக்குப் போய்விட்டு, "என் மனச்சான்றுக்குச் சரி என்று பட்டது சாமி" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு! பிரான்ஸ் வேதாகமத்தைப் படித்தார், திருச்சபையின் போதனைகளைப் படித்தார், குருக்களைத் தேடிப்போய்க் கேட்டார். தமக்கு இலாபம் தரும் பதிலை அவர் தேடவில்லை. கிடைத்த பதிலோ தலையைக் கேட்டது. மனச்சான்றா பிடிவாதமா என்று பிரித்துப் பார்க்க இதுவும் ஓர் அடையாளம் என்று குருமடத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்லுவார்.

அவர் கேட்ட குருக்கள் என்ன சொன்னார்கள்? அவருடைய பங்குக் குருவே ஒரு பிரசங்கத்துக்காக 1940-இல் கைதானவர், தைரியசாலி. அவரும்கூட, குடும்பத்தை நினைத்துப் பார் என்றுதான் தடுக்கப் பார்த்தார். ஆனால் வேதவசனத்தைக் காட்டிக் காட்டி பிரான்ஸ் தம்மை வாயடைக்கச் செய்துவிட்டார் என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பிரான்ஸ் லின்ஸ் நகரத்துக்குப் போய் ஆயரையும் கண்டார். மனைவி வெளியே காத்திருந்தார். போர் நியாயமா அநியாயமா என்று தீர்ப்பது உன் பொறுப்பல்ல, உன் மனைவி மக்களைக் காப்பாற்றுவது உன் பொறுப்பு என்ற பொருளில் ஆயர் சொன்னார். பிரான்ஸ் வாடிய முகத்தோடு வெளியே வந்தார். தாம் ஒற்றனாக இருக்கலாம் என்று ஆயர் அஞ்சுகிறார் என்றே அவருக்குப் பட்டது.

அந்த ஆயரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதை நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கிறேன். பொன்விழாவில் உங்கள் முன்னால் இறக்கிவைப்பது நல்லது.

நான் குருப்பட்டம் பெற்ற நான்காம் வருஷம். எந்தப் பங்கு என்று சொல்ல மாட்டேன். கோவில் திருவிழா வரிப்பணத்தில் ஒரு தொகை காணாமற்போயிற்று. கொட்டகையைக் காவல்காத்த பையன்மேல் பழி விழுந்தது. அவன் ஊரின் கடைசித் தெருவைச் சேர்ந்தவன். அதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை. பணத்தை எடுத்தது ஊர்ப் பெரியவர் ஒருவருடைய மகன். அதைக் கண்ணால் கண்டவர் ஒரு கொத்தனார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். காவல்காரப் பையன்தான் எடுத்தான் என்று கூட்டப் புத்தகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடும்படி அவரை நெருக்கினார்கள். இரவு ஒன்பது மணிக்கு அறைவீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சாமி, நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

நான் நிறைய யோசித்தவன்போலக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு சொன்னேன்: "பாருங்க, ஊரைப் பகைச்சுக்கிட்டு நீங்க எப்படிப் பிழைப்பீங்க? ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கணும். கையெழுத்தும் போடவேணாம், பார்த்தேன்னும் சொல்லவேணாம். ஒரு மாசம் வெளியூர் வேலைக்குப் போயிட்டு வாங்க. தானா ஆறிடும்."

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். "அப்படிப் போயிட்டா ஞாயிற்றுக்கிழமை நான் எப்படி சாமி நன்மை வாங்குறது?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. ஏழு வருஷம் தத்துவமும் வேத சாஸ்திரமும் படித்தவன். குருமட நூலகத்திலே யேகர்ஸ்டேட்டர் சரித்திரத்தை வாசித்து, அந்த ஆயரைப் பற்றி ஏளனமாகப் பேசியவனும் நான்தான். அந்த இரவில் அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எனக்கும் அந்த ஊரில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கவேண்டும், திருவிழா நடத்தவேண்டும், கோவிலுக்கு ஓடு மாற்றவேண்டும் என்பதுதான் நினைவில் நின்றது.

அடுத்த நாள் கூட்டத்தில் எழுந்து நின்று, கண்டதைக் கண்டபடி சொல்லிவிட்டார் அந்தக் கொத்தனார். நான் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதன்பின் அவரிடம் ஊர் வரி வாங்கவில்லை. யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. தேவமாதா பவனியில் பூப்போட நின்ற அவருடைய சின்ன மகளை வரிசையிலிருந்து வெளியே இழுத்துவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து அவருடைய தாயார் இறந்தபோது, பெட்டியைத் தூக்க அவர் தெருவில் ஓர் ஆளும் வரவில்லை. கடைசித் தெருவிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். ஆறாவது தோள் என்னுடையது. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எட்டு மாதம் பிந்தி வந்த தோள் அது.

பிரான்சின் கதைக்குத் திரும்புவோம். 1943 பெப்ருவரியில் மீண்டும் அழைப்பு வந்தது. மார்ச் முதல் தேதி என்ஸ் என்ற ஊரிலுள்ள படைமுகாமுக்குப் போய், ஆயுதம் ஏந்தமாட்டேன் என்று அறிவித்தார். காயம்பட்டவர்களைப் பராமரிக்கும் பணியென்றால் செய்கிறேன் என்றும் சொன்னார். ஏற்கவில்லை. முதலில் லின்ஸ் சிறை, மே மாதத்தில் பெர்லினிலுள்ள தேகல் சிறை. ஜூலை 6-இல் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

அவருடைய மனைவியும் புதிய பங்குக் குருவும் பெர்லின்வரை பயணம் செய்து அவரைச் சந்தித்தார்கள். அங்கேயும் அந்தக் குரு அவரை இணங்கவைக்கவே முயன்றார். மனைவியோ தொடக்கத்தில் தடுத்துப் பார்த்தவர்தான். ஆனால் எல்லாரும் அவருக்கு எதிராக வாதாடுவதைக் கண்டபோது, நானும் கைவிட்டால் இவருக்கு உலகத்தில் ஆளே இல்லை என்று உணர்ந்து அவரோடு நின்றார். தாய்மார்களே, பிரான்சிஸ்கா அம்மாளின் சிலுவையைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. அவர் ஒரே நாளில் இறந்தார். இந்த அம்மாள் எழுபது ஆண்டு சுமந்தார்.

சிறையிலே பிரான்சுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் ஒரு செய்தி. சிறைக்குரு வந்து, உமக்கு முன்னால் பிரான்ஸ் ரைனிஷ் என்ற ஒரு குருவானவர் ஹிட்லருக்கு ஆணையிட மறுத்து 1942 ஆகஸ்டில் உயிரைக் கொடுத்தார் என்று சொன்னார். நான் தனியாள் அல்ல, என் வழி தவறல்ல என்று அப்போது அவர் மனம் தேறியது. பாருங்கள், இத்தனை காலம் ஒரு குருவாவது ஆமாம் என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கிய அந்த மனிதருக்கு, செத்துப்போன ஒரு குருவின் ஆமாம்தான் கிடைத்தது.

1943 ஆகஸ்ட் 9-ஆம் நாள் மாலை நான்கு மணிக்கு பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டது. கையெழுத்துப் போட்டால் போதும் என்ற நிலையில் மேசைமேல் ஒரு தாள் இருந்ததென்றும், அதை அவர் தள்ளி வைத்துவிட்டார் என்றும், கடைசியாக அவரைக் கண்ட குரு பிறகு சொன்னார்.

ஊர் என்ன சொல்லிற்று? குடும்பத்தைத் தவிக்கவிட்ட பைத்தியக்காரன் என்றது. விதவைக்கு உரிய உதவித்தொகையை 1950 வரை மறுத்தது அரசு. போர் முடிந்தபிறகும், அவரைப்பற்றிய கட்டுரை மறைமாவட்டப் பத்திரிகையில் வர அதே ஆயர் சம்மதிக்கவில்லை. கோர்டன் ஸான் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1964-இல் புத்தகம் எழுதிய பிறகே உலகத்துக்கு அவரைத் தெரிந்தது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் முன்னால் இந்தக் குடியானவரின் சாட்சியத்தை எழுதி வைத்தவர், நம் நாட்டுக்கு வேண்டியவரான தாமஸ் ராபர்ட்ஸ். அவர் 1937-இல் பம்பாய் பேராயராகி, அந்தப் பீடத்தில் இந்தியர் அமரட்டும் என்று 1950-இல் பதவியைத் துறந்த இயேசு சபைக் குரு. மனச்சான்றைப் பற்றியும், ஆயுதம் ஏந்த மறுப்பவர்களைப் பற்றியும் சங்கம் வெளியிட்ட போதனையை நீங்கள் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறீர்கள்.

2007 அக்டோபர் 26-இல் அதே லின்ஸ் பேராலயத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. தொண்ணூற்று நான்கு வயது பிரான்சிஸ்கா அம்மாள் தம் கணவரின் திருப்பண்டத்தைக் கையில் ஏந்தி முத்தமிட்டார். கணவர் சிறைக்குப் போன பின் அந்தக் கிராமக் கோவிலில் மணியடித்ததும் திரியேற்றியதும் அந்த அம்மாள்தான். நூறு வயது நிறைந்து 2013-இல் காலமானார்.

ஜெர்மனி, ஆஸ்திரியா என்று எங்கேயோ போகவேண்டுமா, நமக்கு நட்டாலம் தேவசகாயம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு, 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். இல்லறத்தார் ஒருவர் நம் நாட்டில் அந்த நிலைக்கு உயர்ந்தது அதுவே முதல் தடவை. நாமும் பஸ் பிடித்துப் போய்க் காற்றாடிமலையில் முழந்தாளிட்டோம். அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர் தாழ்ந்தவர் எனப்பட்டவர்களோடு சமமாய்ப் பழகினார் என்பதை அங்கே பிரசங்கத்தில் கேட்டோம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவரவர் தெருவுக்குப் போனோம்.

இப்போது நம் காரியத்துக்கு வருகிறேன். வருகிற பாதுகாவலர் திருவிழாவில் தேர்ப்பவனி எந்தத் தெருவரை போகவேண்டும் என்று பங்குப் பேரவையில் பேச்சு வந்தது உங்களுக்குத் தெரியும். ஐம்பது வருஷமாகத் தேர் கிணற்று மூலையோடு திரும்பிவிடுகிறது. அதற்கு அப்பால் நாற்பத்திரண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வரி கொடுக்கிறார்கள், தேருக்கு வடமும் பிடிக்கிறார்கள். மூலைவரை!

கூட்டத்தில் நான் கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் ஒவ்வொருவராக அறைவீட்டுக்கு வந்து, "சாமி, தேர் போகத்தான் வேணும், ஆனா நான் சொன்னதா இருக்கவேணாம்" என்றவர்கள் ஏழு பேர். எண்ணி வைத்திருக்கிறேன். அந்த ஏழு பேரும் இப்போது இங்கே இருக்கிறார்கள். பெயரைச் சொல்லமாட்டேன், பயப்படவேண்டாம். பதினோரு பேர் கொண்ட பேரவையில் ஏழு பேர் என்றால் எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் மற்றவருக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறோம்.

போகக்கூடாது என்று என்னிடம் நேரில் சொன்னவரும் இருக்கிறார். அவர் மறைக்காமல் சொன்னார், அதற்காக அவரை மதிக்கிறேன். அவரோடு இன்னும் பேசுவேன். தேர் போனால் நன்கொடையை நிறுத்திவிடுவோம் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மணிக்கூண்டு வேலை பாதியில் நிற்கும். நிற்கட்டும், அடுத்த பங்குத்தந்தை முடித்துக்கொள்ளட்டும்.

நாளை காலைப் பூசைக்குப் பின் பேரவை மறுபடி கூடுகிறது. இந்த முறை கையை உயர்த்தி வாக்களிக்கவேண்டும், சீட்டு எழுதிப் போடுவது கிடையாது. முதல் கை என்னுடையதாக இருக்கும். இன்று இரவு செபமாலைக்குப் பிறகு பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பத்து மணிவரை இருப்பேன். வருகிறவர்கள் வரலாம். பேரவை உறுப்பினர்களும் வரலாம்.